பழைய வீடியோக்களுக்குச் சத்தம் வேண்டாம்

டோஹா
10.08.2008

அன்பு பூரணிக்கு,

நான் சுகம். உன் சுகத்தையும், அம்மாவின் இடுப்பு வலியையும், நம் மகள் தர்சிகாவின் குறும்பையும் ஒன்று விடாமல் எழுது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ இந்நேரம் டயகமவில் ஸ்வெட்டருக்குள் சுருண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பாய். நினைத்தால் வயிறு எரிகிறது.

நம் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்துக் கமிட்டிக்காக நான் தொடங்கிய இணையத்தளம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. வீடியோ லிங்கை ஒட்டினால் தளம் தானாகவே ஒரு பெரிய பெட்டியைத் திறந்து படத்தை ஓடவிடும் என்பதுதான் இதுவரை தொல்லை. ஒரு பக்கத்தில் நாலு வீடியோ இருந்தால் நாலும் ஒரே நேரத்தில் கத்தும். போன வெள்ளிக்கிழமை என்னோடு கேம்பில் இருக்கும் மூக்கன் தன் தங்கையின் கல்யாண வீடியோவைப் பார்க்கத் திறந்தான். நாதஸ்வரமும், அதே பக்கத்தில் இருந்த இன்னொரு வீட்டுச் சாவு ஒப்பாரியும் சேர்ந்து கிளம்பின. கம்பியூட்டர் அறையில் இருந்த மலையாளிகள் சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தார்கள். மூக்கன் அழுதேவிட்டான். இனிமேல் சத்தம் கேட்டால் அறையைப் பூட்டிவிடுவேன் என்று கேம்ப் பொஸ் சொல்லிவிட்டார்.

ஆகவே நான் உட்கார்ந்து சில வரிகள் எழுதினேன். எந்த வீடியோவாக இருந்தாலும் அந்த வரிகள் வழியாகத்தான் பக்கத்துக்குப் போக வேண்டும். முதலில் ஒரு படம் மட்டும் அசையாமல் நிற்கும். அழுத்தினால் ஓடும். சத்தம் அடியோடு வராது. ஹட்டனில் படித்த கம்பியூட்டர் டிப்ளோமாவைச் சுவரில் மாட்டத்தானே என்று கேலி செய்தாயே, இப்போது என்ன சொல்கிறாய்?

இனி உன் வேலை. தர்சியை வீடியோ எடுத்து ஏற்று. அவளை வயிற்றில் பார்த்துவிட்டு விமானம் ஏறியவன் நான். பிள்ளை வேண்டும் என்று, மூன்று மாசிக் கூத்துக்குக் காமன் வேடம் கட்டுவதாக நேர்ந்தேன். இரண்டு கட்டினேன். மூன்றாவதற்குக் காப்புக்குப் பதிலாக விசா வந்தது. எரிந்த காமன் எழுந்து வந்தாலும் ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்று நம் கூத்து வாத்தியார் மாயாண்டி மாமா பாடுவாரே, நான் ரதி கண்ணுக்கும் தெரியாத காமனாகிவிட்டேன். தை மாதம் கொன்ட்ராக்ட் முடிகிறது. மாசிக்கு அங்கே இருப்பேன்.

அம்மாவுக்கு வணக்கம், தர்சிக்கு முத்தம். உனக்கு என்ன வேண்டுமோ அதை நீயே எடுத்துக்கொள்.

உன்
கணேசமூர்த்தி

—

டயகம
02.09.2008

அன்பு மச்சானுக்கு,

பூரணி எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். நீங்களும் நலமாக இருக்க மாரியம்மனுக்கு விளக்குப் போட்டிருக்கிறேன். அத்தைக்கு இடுப்பு வலி இல்லை. யாராவது விசாரித்தால் மட்டும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போய் கோபிசங்கரின் இன்டர்நெட் கடையில் வீடியோவை ஏற்றினேன். தர்சி நம் லயத்து வீட்டு வாசலில் ஓடுவது. அது ஏறி முடிவதற்குள் நான் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வந்துவிட்டேன். பிறகு தளத்தில் பார்த்தால் அவளுக்குத் தலை இல்லை! நான் ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தேன். உங்கள் பெட்டி படுத்துக் கிடக்கிறது. காலும் பாவாடையும் மட்டும் ஓடுகின்றன. ஊரான் வீட்டு வீடியோவெல்லாம் ஒழுங்காக இருக்க, எழுதியவர் மகளுக்கு மட்டும் தலை போனது என்ன நியாயம்? திருத்துங்கள்.

அவளுக்கு நல்ல சுறுசுறுப்பு. பிள்ளைமடுவத்தில் நான் பார்க்கிற பிள்ளைகளிலேயே வேகமாக ஓடுகிறவள் அவள்தான். கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும்போது மற்றப் பிள்ளைகளெல்லாம் அழும். இவள் அழமாட்டாள்.

சத்தத்தை நிறுத்தியது நல்ல வேலை. அது அப்படியே இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பூரணி

—

டோஹா
28.09.2008

அன்பு பூரணிக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் கடிதம் வந்த அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

தலையைக் கொண்டு வந்துவிட்டேன். பெட்டியின் அகலத்தை நான் ஒரே அளவாகக் கட்டியிருந்தது பிழை. இப்போது வீடியோ நின்றால் பெட்டியும் நிற்கும், படுத்தால் படுக்கும். திருத்திவிட்டு அழுத்தினேன், பூரணி. நம் மகளின் முகத்தை அசைய அசையப் பார்த்தேன். படத்தில் பார்த்த முகம்தான், ஆனால் படத்தில் மூக்குச் சுருங்காதே. ஓடி வந்து நின்று மூக்கைச் சுருக்குகிறாள், அப்படியே நீ. மூக்கனும் மற்றவர்களும் முதுகில் ஏறாத குறையாக நின்று பார்த்தார்கள். எத்தனை தரம் ஓடவிட்டேன் என்று கேட்காதே. பின்னால் கியூவில் நின்றவன் திட்டினான்.

ஒன்று கேட்க வேண்டும். நான் ஃபோன் கோல் எடுக்கும்போதெல்லாம் அவள் தூங்குகிறாள், பக்கத்து லயத்துக்குப் போய்விட்டாள் என்கிறாய். இரண்டு வயது தாண்டிவிட்டது. அப்பா என்று சொல்வாள்தானே? அடுத்த முறை ஃபோனை அவள் வாயில் வை. ஒரு சொல் போதும்.

உன்
கணேசமூர்த்தி

—

டயகம
25.10.2008

அன்பு மச்சானுக்கு,

எல்லோரும் சுகம். நாளை மறுநாள் தீபாவளி. அத்தை முறுக்குச் சுட்டு, உங்கள் பங்கை டின்னில் போட்டு மேலே வைத்திருக்கிறார். யார் சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டேன், "இருக்கட்டும்டி, அவன் பங்கு இருந்துட்டுப் போவுது" என்கிறார்.

மழை விட்டபாடில்லை. அக்கரப்பத்தனை பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் இல்லை.

புதிய வீடியோ ஒன்று போட்டிருக்கிறேன். மாயாண்டி மாமா தப்புக்குப் புதுத் தோல் கட்டி, நெருப்பில் காய்ச்சி அடித்துப் பார்த்தார். பிள்ளைகளெல்லாம் சிதறி ஓடின. தர்சி மட்டும் நேரே போய் அந்தத் தோல் மீது உள்ளங்கையை வைத்தாள். மாமா அடிக்க அடிக்கச் சிரித்தாள். கையை எடுக்கவே இல்லை.

நீங்கள் ஃபோனைப் பற்றிக் கேட்டது. ஃபோனைக் கண்டால் அவளுக்கு வெட்கம். வற்புறுத்தினால் அழுவாள். வரட்டும், அதற்கும் காலம் வரும்.

உங்கள் பச்சைச் சட்டையைத் துவைத்துக் காயவைத்தேன். யாரும் போடாத சட்டையை ஏன் துவைக்கிறாய் என்று அத்தை கேட்டார். முறுக்கு டின்னைக் காட்டினேன்.

பூரணி

—

டோஹா
20.11.2008

என் பூரணிக்கு,

சுகம், சுகம், சுகம்! தப்பு வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை.

மற்றப் பிள்ளைகள் ஓடுகிறார்கள், என் மகள் தப்பைத் தொடுகிறாள்! காமன் கொடுத்த பிள்ளை என்றால் சும்மாவா? தப்புச் சத்தத்தில் பிறந்தவள்போல நிற்கிறாளே. பக்கத்துக் கட்டிலில் இருக்கிற நேபாளிக்கும் காட்டினேன். அவனுக்குத் தப்பு என்றால் என்னவென்று விளக்கவே ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டது. அந்த வீடியோவுக்கு முன்னால் நிற்கும் படத்தையும் மாற்றிவிட்டேன். தளம் தானாக ஏதோ ஒரு படத்தைப் பொறுக்கும், அதில் மாமாவின் முழங்கைதான் தெரிந்தது. இப்போது அவள் உள்ளங்கை தோலில் இருக்கும் படம் நிற்கிறது. தளத்தைத் திறந்ததும் அதுதான் கண்ணில் படும்.

ஒரு ஹெட்போன் வாங்கியிருக்கிறேன். அந்த வரிகளில் சின்ன மாற்றம் செய்தால் விருப்பமானவர்கள் சத்தத்தைத் திறந்துகொள்ளலாம். கேம்ப் பொஸ்ஸுக்கும் தொல்லை இல்லை. அவள் சிரிப்பைக் கேட்க வேண்டும். உன் குரலையும்தான். திறக்கட்டுமா?

உன்
கணேசமூர்த்தி

—

டயகம
08.12.2008

அன்பு மச்சானுக்கு,

நலம். நலமறிய ஆவல். உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது, இன்றே எழுதுகிறேன்.

சத்தம் வேண்டாம். லயத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காத இடம் ஏது? பக்கத்துக் காம்பரா வீட்டுச் சண்டை, தண்ணீர்க் குழாயடி வசவு எல்லாம் அந்த வீடியோக்களில் விழுந்திருக்கும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கேட்டுவிட்டு ஊருக்கு ஃபோன் அடித்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். கோபப்படாதீர்கள். நீங்கள் பார்ப்பது போதும். எனக்காக.

நீங்கள் வந்தால் எல்லாம் நேரில். எனக்குக் கடிதமும் வேண்டாம், தளமும் வேண்டாம், மச்சான். பொழுது சாய்ந்து பிள்ளைமடுவத்தைப் பூட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது, இந்த ஆள் இருந்தால் இவளை வாங்கிக்கொள்வாரே என்று தினமும் தோன்றுகிறது. கை நோவுக்குச் சொல்லவில்லை. சில விஷயங்களைத் தனியாகத் தூக்க முடியவில்லை.

மாயாண்டி மாமா வந்து கேட்டார். "மாசிக்கு காமன் காப்பு நம்ம கணேசனுக்குத்தானே? வேற யாருக்கும் சொல்லலை நான்." ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பூரணி

—

டோஹா
05.01.2009

அன்பு பூரணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசு சரியில்லை.

கொன்ட்ராக்ட் முடிகிறது என்று பாஸ்போர்ட்டைக் கேட்கப் போனேன். கட்டட வேலை ஜூனில்தான் முடியும், அதற்கு முன் ஒருவரையும் விட மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கெஞ்சினேன், கத்தினேன், திரும்பவும் கெஞ்சினேன். அந்த ஒஃபிஸில் ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை.

மாசிக்கு வர மாட்டேன். இந்த ஒரு வரியை எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. மாயாண்டி மாமாவிடம் நீதான் சொல்ல வேண்டும். என்னால் ஃபோனில் சொல்ல முடியாது.

சத்தத்தைத் திறக்கவில்லை. உன் பேச்சைத் தட்டக் கூடாது என்று ஹெட்போனைப் பெட்டியோடு வைத்துவிட்டேன். தப்பு வீடியோவைத்தான் தினமும் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை இருக்கும்வரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன்
கணேசமூர்த்தி

—

டயகம
02.02.2009

அன்பு மச்சானுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் மனதைத் தளர விடாதீர்கள்.

மாயாண்டி மாமாவிடம் சொன்னேன். கையில் இருந்த தப்பைக் கீழே வைத்தார். பிறகு கூத்தாடும் பொடியன் சின்னத்தம்பிக்குக் காப்புக் கட்டலாம் என்றார். அத்தைதான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "சாமிக்கு சொன்ன வாக்கு பாதியில நிக்குது. அது சும்மா விடுமா?" என்று இரண்டு முறை கேட்டார். குழாயடியிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. நீங்களும் போட்டுக்கொள்ளாதீர்கள். யார் உங்களுக்கு என்ன எழுதினாலும் சரி.

கமிட்டியில் ஒரு கோரிக்கை. கூத்து வீடியோவைச் சத்தத்தோடு போட வேண்டுமாம். ரதி அழும் பாட்டைக் கேட்காமல் வாயசைப்பைப் பார்க்கவா என்று துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் ஆட்கள் கேட்கிறார்களாம். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஆகவே ஒன்று செய்யுங்கள். இனிப் போடும் வீடியோக்களுக்கு மட்டும் சத்தம் வரட்டும். பழைய வீடியோக்களுக்குச் சத்தம் வேண்டாம். அவை இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். உங்கள் வரிகளில் அப்படிப் பிரிக்க முடியும்தானே? முடியாவிட்டால் பழையவற்றை அழித்துவிடுகிறேன். மறக்காமல் செய்யுங்கள் மச்சான்.

பூரணி

—

டயகம
20.03.2009

அன்பு மச்சானுக்கு,

சுகம்தானே? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. வழியில் தொலைந்ததோ, உங்களுக்கு நேரமில்லையோ தெரியவில்லை. கோல் எடுத்தபோதும் அத்தையிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, பூரணியிடம் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டீர்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

காமன் கூத்து நல்லபடியாக நடந்தது. சின்னத்தம்பி ஆடினான். கால் வேகமாகத்தான் போகிறது, ஆனால் உங்களைப்போல நிமிர்ந்து நிற்க வரவில்லை. இராமையா ரதி வேடம் கட்டி அழுதபோது இந்த முறை நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

வீடியோக்களை ஏற்றிவிட்டேன், சத்தமும் வருகிறது. பழையவற்றையும் திறந்து பார்த்தேன், முன்போலவே இருக்கின்றன. அதனால் என் கடிதம் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று தெரிகிறது. வேலையைச் செய்தவர் ஏன் ஒரு வரி எழுதவில்லை? நான் ஏதும் பிழையாக எழுதிவிட்டேனா?

பூரணி

—

டோஹா
05.04.2009

என் பூரணிக்கு,

நீ சுகமா என்று கேட்கும்போதெல்லாம் சுகம் என்றுதான் எழுதினாய். இந்த முறை நான் கேட்கவில்லை.

நீ கேட்டபடி பிரித்துவிட்டேன். அது ஒரு தேதியை வைத்துப் பிரிக்கிற சின்ன வேலை. அந்தத் தேதிக்கு முந்தியவை சத்தமில்லாமல் போகும், பிந்தியவை சத்தத்தோடு போகும். சரியாகப் பிரிகிறதா என்று பார்க்க ஒரு தரம் எல்லாவற்றையும் திறந்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். பார்க்காமலும் பூட்டியிருக்கலாம். ஆனால் பழைய வீடியோவை அழித்துவிடுவேன் என்று எழுதியிருந்தாயே. தர்சி ஓடுகிற வீடியோவை அழிக்கிறவளா என் பூரணி? குழாயடி வசவுக்கா? ஹெட்போனைப் பெட்டியிலிருந்து எடுத்தேன்.

தப்பு வீடியோவைத்தான் முதலில் திறந்தேன். அடி இடிபோல விழுகிறது. பிள்ளைகள் வீரிட்டு அழுகிறார்கள். அதற்குள் உன் குரல். "தர்சி... தர்சிம்மா... இங்க பாரு." தப்பு நின்ற பிறகும் கூப்பிடுகிறாய். அமைதியாக இருக்கிறது. நீ கையைத் தட்டுகிறாய். அம்மா பின்னாலிருந்து, "விடுடி, அதுக்கு கேக்காது" என்கிறார். பிள்ளை தோலைத் தடவிக்கொண்டு நிற்கிறாள்.

எல்லாவற்றையும் கேட்டேன். வாசலில் ஓடுகிறதையும் கேட்டேன். நீ கூப்பிட்ட ஒன்றுக்கும் அவள் திரும்பவில்லை. உன் நிழல் தரையில் விழுந்தபோதுதான் திரும்பி மூக்கைச் சுருக்கினாள்.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பிறகு எழுத உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் மேல் கோபம் என்று நினைக்காதே. என் மேல்தான் வெட்கம். தப்புக்குப் பயப்படாத பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமை அடித்தேனே, அந்தக் கடிதத்தை நீ எப்படி வாசித்திருப்பாய்! கேம்ப் பொஸ்ஸுக்குப் பயந்து சத்தத்தை நிறுத்தியவன் நான். நீ அதற்குள் ஒளிந்துகொண்டாய். எனக்குத் தெரிந்தால் நேர்த்தி நின்றுபோனதால்தான் என்று மண்டையை உடைத்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பாய். நினைத்தேன்தான். இரண்டு வாரம் அதைத்தான் நினைத்தேன். பிறகு தெளிந்துவிட்டது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தவனை விட்டுவிட்டுப் பிள்ளையின் காதைப் பிடிக்கிற அளவுக்குக் காமன் சின்னப் புத்திக்காரன் இல்லை. அம்மாவிடமும் இதைச் சொல். நான் சொன்னேன் என்று சொல்.

தளத்தில் ஒரு புதிய வீடியோ போட்டிருக்கிறேன். உன் பெயரில் உள்ளே போனால் மட்டும்தான் தெரியும். வேறு யார் திறந்தாலும் அங்கே வெறும் பக்கம்தான் இருக்கும். அப்படியும் சில வரிகள் எழுதியிருக்கிறேன், ரதி கண்ணுக்கு மட்டும். கேம்ப் முற்றத்தில் எடுத்தது. மூக்கன் பெயின்ட் வாளியைத் தட்டினான், நான் காமன் ஆட்டம் ஆடினேன். காப்பும் இல்லை, நம் மண்ணும் இல்லை. நேர்த்தியில் சேராது என்று எனக்கும் தெரியும். இது சாமிக்கு ஆடியது இல்லை, தர்சிக்கு ஆடியது. கோபிசங்கர் கடையில் பெரிய ஸ்பீக்கர் இருக்கும். சத்தத்தைக் கூட்டி, அவள் உள்ளங்கையை அதில் வை.

ஜூனில் பாஸ்போர்ட் கைக்கு வருகிறது. மறுபடி கொன்ட்ராக்ட் போட மாட்டேன்.

உன்
கணேசமூர்த்தி

—

டயகம
26.04.2009

என் மச்சானுக்கு,

சுகமாக இருக்கிறேன். இந்த முறை உண்மையாகவே சுகம்.

உங்கள் கடிதத்தைப் பிள்ளைமடுவத்தில் வைத்துப் படித்தேன். தொட்டிலில் ஒரு பிள்ளை எழுந்து அழுதது, மற்றதும் சேர்ந்துகொண்டது. நானும் அவற்றோடு சேர்ந்து அழுதுவிட்டேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

அவளைக் கண்டி ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறேன். முழுக்கக் கேட்காது என்று சொல்லவில்லை, கொஞ்சம்தான் கேட்கும் என்றார்கள். காதுக்கு மெஷின் வைக்கலாம், அவளுக்கு என்று பள்ளிக்கூடமும் இருக்கிறது. மற்றதை நீங்கள் வந்ததும் பேசுவோம். நீங்கள் சொன்னதை அத்தையிடம் சொன்னேன். எழுந்து, டின்னில் இருந்த பழைய முறுக்கைக் கோழிக்குப் போட்டார். வந்ததும் புதிதாகச் சுடுவாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போனோம். கோபிசங்கரிடம் விஷயத்தைச் சொன்னேன். யாழ்ப்பாணத்து ஆள், எப்போதும் சிடுசிடு என்று இருப்பார். கடைக் கதவைச் சாத்திவிட்டு, "பெட்டி வெடிச்சாலும் பரவாயில்லை அக்கா, முழுக்கக் கூட்டி வையுங்கோ" என்றார். தர்சியை மடியில் வைத்து, கையை ஸ்பீக்கரில் வைத்து, அழுத்தினேன்.

வாளி அடி விழுந்ததும் அவள் தோள் துள்ளியது. கையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், திரும்பக் கையைப் பார்த்தாள். நீங்கள் காலைத் தூக்கும்போது அடி விழுகிறது என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. நீங்கள் அடுத்த காலைத் தூக்கும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். மெலிந்துவிட்டீர்கள் மச்சான். ஆனாலும் நிமிர்ந்துதான் ஆடுகிறீர்கள்.

வீடியோ முடிந்தது. உங்கள் வரிகளின்படி முதலில் நின்ற படமே திரும்ப வந்து நின்றுகொண்டது. நீங்கள் அசையவில்லை. அவள் மடியிலிருந்து இறங்கி, கம்பியூட்டருக்குப் பின்னால் போய்த் தேடினாள். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். பிறகு வந்து என் கையைப் பிடித்து ஸ்பீக்கரில் அழுத்தி வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தாள். திரும்பவும் ஆடச் சொல் என்கிறாள்.

நான் அழுத்தவில்லை. அந்தப் படத்தைக் காட்டினேன், வாசலைக் காட்டினேன், நடந்து வருவதுபோல இரண்டு விரலால் அவள் நெஞ்சுவரை நடந்து காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் லயத்து வாசலில் போய் உட்கார்ந்து பாதையைப் பார்க்கிறாள்.

நான் அவளுக்குச் சொன்ன முதல் சொல் அதுதான். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள்
பூரணி